ஐபி முகவரி காட்டும் ஊரை எவ்வளவு நம்பலாம்? ஆம்பூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் தோல் செருப்பும் ஷூவும் விற்கும் ஒருவர் சொந்தமாக ஒரு வலைத்தளம் நடத்துகிறார். மூன்று வாரமாகப் பொய் ஆர்டர்கள் வருகின்றன. பொருள் கைக்கு வந்ததும் பணம் என்று போட்டுவிடுகிறார்கள், கூரியர் போனால் ஆள் இல்லை. சரக்கு திரும்பி வருகிறது, போக வரச் செலவு இவர் தலையில். அந்த ஆர்டர்கள் வந்த ஒன்பது ஐபி முகவரிகளை மூன்று தளங்களில் போட்டுப் பார்த்து, பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். அவற்றில் ஒரு முகவரிக்கு ஒரு தளம் சென்னை என்கிறது, இன்னொன்று மும்பை என்கிறது, மூன்றாவது வாணியம்பாடி என்கிறது. வாணியம்பாடியில் இவருக்குத் தொழில் போட்டியாளர் ஒருவர் இருக்கிறார். ஐபியை வைத்து அந்தக் கணினி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் கேட்டது. அந்த ஆள்தானா என்பது கேட்காமல் கேட்டது. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: இந்த மூன்று விடைகளை வைத்து யாரையும் கைகாட்ட முடியாது. வாணியம்பாடி என்ற ஒரு சொல்லை நம்பி யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள்.

மூன்று தளம் மூன்று ஊர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐபி முகவரி என்பது கதவு எண் போல இடத்தோடு ஒட்டியது அல்ல. அது இணைய நிறுவனத்துக்கு மொத்தமாக ஒதுக்கப்படும் எண் வரிசை. நம் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏபிநிக், அதன் கீழ் இந்தியாவில் ஐரின் என்ற பதிவகம் இந்த வரிசைகளைப் பிரித்துக் கொடுக்கின்றன. யாருக்குக் கொடுத்தோம், அவர்கள் அலுவலகம் எங்கே என்பது ஹூயிஸ் என்ற பொதுப் பதிவில் இருக்கும். பெரிய நிறுவனம் என்றால் அந்த அலுவலகம் மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும். உள்ளூர்க் கேபிள்காரர் உரிமம் வாங்கி பிராட்பேண்ட் கொடுக்கிறார் என்றால் வாணியம்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு தெருப் பெயரே இருக்கும். பார்க்கிறவருக்கு ஆளைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். அது இணைப்பு விற்கிறவரின் முகவரி. அவரிடம் இணைப்பு வாங்கியவர் ஆம்பூரில் இருக்கலாம், நாட்றம்பள்ளியில் இருக்கலாம், உங்கள் பக்கத்துக் கடையிலேயே இருக்கலாம்.

ஊர் காட்டும் தளங்கள் பெரும்பாலும் தாங்களாக எதையும் அளப்பதில்லை. மேக்ஸ்மைண்ட் போன்ற தரவுத்தளங்களில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துக் காட்டுகின்றன. அந்தத் தரவுத்தளங்கள் பல வகைச் செய்திகளைக் கலந்து செய்யப்படுபவை: ஹூயிஸ் பதிவு, எந்த எண் வரிசை எந்த ஊரில் என்று இணைய நிறுவனங்கள் தாங்களே வெளியிடும் ஜியோஃபீட் பட்டியல் (இதன் வடிவம் 2020-ல் ஆர்எஃப்சி 8805 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது), ஜிபிஎஸ் உள்ள போன்களிலிருந்து கிடைக்கும் இடம், தாமத அளவீடு, எதுவும் இல்லாதபோது ஊகம். எந்த முகவரிக்கு எந்த வகைச் சான்று என்று உங்கள் திரையில் தெரியாது. நல்ல தரவுத்தளம் என்றால் இத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் என்று ஒரு எண்ணும் கூடவே கொடுக்கும். இலவசத் தளங்கள் பலவும் அந்த எண்ணை மறைத்துவிட்டு வரைபடத்தில் ஒரு ஊசியைக் குத்திவிடுகின்றன. ஊசியின் கூர்மையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஊர் மட்டும் தெரிந்தால் ஊரின் நடுப்புள்ளி, நாடு மட்டும் தெரிந்தால் நாட்டின் நடுப்புள்ளி, அவ்வளவுதான் அந்த ஊசி.

நடுப்புள்ளி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சான்று உண்டு. மேக்ஸ்மைண்டின் தரவுத்தளத்தில் 'அமெரிக்கா, வேறு விவரம் இல்லை' என்ற முகவரிகளுக்கெல்லாம் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாக வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி, காணாமல் போனவர் என்று எதற்கெடுத்தாலும் போலீசும் பாதிக்கப்பட்டவர்களும் அங்கே போய் நின்றார்கள். 2016-ல் செய்தி வெளியான பிறகுதான் புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவுக்கு மாற்றினார்கள். நம் பக்கத்துச் சிக்கல் வேறு மாதிரி. 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019 நவம்பரில் வேலூர் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜாவும் அரக்கோணமும் ராணிப்பேட்டை மாவட்டம். பழைய பட்டியலை வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கு எல்லாமே வேலூர்தான். ஒரு தளம் வேலூர், இன்னொன்று திருப்பத்தூர் என்றால் அது முரண்பாடாகக்கூட இல்லாமல் இருக்கலாம்.

அடுத்தது பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று. பழைய வகை முகவரிகள், அதாவது ஐபிவி4, மொத்தமே சுமார் 429 கோடி. உலக இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ஒரு முகவரியில் 65,536 போர்ட் எண்கள் உண்டு, ஒரே முகவரியில் வரும் தொடர்புகளைப் பிரித்துக் காட்டுபவை அவை. ஆளுக்கு 1,000 ஒதுக்கினால் ஒரே முகவரியில் ஒரே நேரத்தில் 60 பேருக்கு மேல் இருக்கலாம். உங்கள் வீட்டு இணைப்பும் அப்படியா என்று பார்ப்பது எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள், பிறகு என் ஐபி என்ன என்று ஏதாவது ஒரு தளத்தில் கேளுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64-லிருந்து 100.127 வரை உள்ள எண்ணிலோ 10 என்றோ தொடங்கினால் நீங்கள் பங்கு முகவரியில் இருக்கிறீர்கள். உங்கள் பொய் ஆர்டரும் அப்படிப்பட்ட முகவரியிலிருந்து வந்திருந்தால், தரவுத்தளம் காட்டுவது அந்தப் பங்கீட்டுப் பெட்டி இருக்கும் இடத்தை. மொபைல் இணையத்தில் அந்தப் பெட்டி பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரத்தில்தான் இருக்கும். வேலூர் சத்துவாச்சாரியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சென்னை என்று காட்டுவது இதனால்தான்.

தரவுத்தளத்தை நம்பாமல் நாமே அளக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். இதில்தான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதற்கு மேல் போகாது. பிங் என்பது ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று அளப்பது. போய்த் திரும்பும் பயணம் என்பதால் பிங் காட்டும் ஒவ்வொரு மில்லிசெகண்டும் அதிகபட்சம் 100 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர், ஆகவே 1.25 மில்லிசெகண்டுக்குக் கீழே பிங் வர வழியே இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், 29-க்குக் கீழே வராது. ஒரு சர்வர் தான் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லி, வேலூரிலிருந்து பிங் 6 வந்தால் அது சிங்கப்பூரில் இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. ஆனால் தலைகீழாகப் படிக்கக் கூடாது. பிங் 40 வந்தால் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நெரிசலாக இருக்கலாம், பாதை சுற்றிப் போகலாம், எதிர்முனை மெதுவாகப் பதில் சொல்லலாம். குறைந்த தாமதம் அருகில் இருப்பதற்குச் சாட்சி, அதிகத் தாமதம் எதற்கும் சாட்சி இல்லை.

இதை ஒரு முறையாக்கி, தெரிந்த இடங்களில் உள்ள பல கணினிகளிலிருந்து அளந்து இடத்தை ஊகிப்பதை 2001-லேயே வெங்கட பத்மநாபனும் லட்சுமிநாராயணன் சுப்பிரமணியனும் ஜியோபிங் என்ற பெயரில் ஆய்ந்து காட்டினார்கள். பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு அளவையும் வரைபடத்தில் ஒரு வட்டமாக வரைந்து, எல்லா வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தை எடுத்தார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம். ரைப் அட்லஸ் என்ற திட்டத்தில் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான சிறு அளவிப் பெட்டிகள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கின்றன, அவற்றிலிருந்து பிங் அனுப்பச் சொல்லலாம். வீட்டிலிருந்து அளப்பதானால் வைஃபை வேண்டாம், ரவுட்டரில் கேபிளைச் செருகிக்கொள்ளுங்கள். 20, 30 பிங் அனுப்பி அவற்றில் மிகச் சிறிய எண்ணை மட்டும் எடுங்கள். சராசரி எதற்கும் உதவாது, ஏனென்றால் நெரிசல் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

உங்கள் வழக்குக்கே போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு முகவரிக்குச் சென்னையிலிருந்து 5 மில்லிசெகண்ட், பெங்களூரிலிருந்து 11, மும்பையிலிருந்து 24 வருகிறது. சென்னை வட்டம் 500 கிலோமீட்டர், பெங்களூர் வட்டம் 1,100, மும்பை வட்டம் 2,400. சென்னை வட்டம் மற்ற இரண்டுக்குள்ளும் முழுதாக அடங்கிவிடுகிறது, ஆகவே மற்ற இரண்டும் புதிதாக எதையும் சொல்லவில்லை. அந்த 500 கிலோமீட்டருக்குள் வேலூர் இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது, கோயம்புத்தூரும் மதுரையும் இருக்கின்றன. மும்பை இல்லை, டெல்லி இல்லை, ஐதராபாத் கொஞ்சத்தில் தப்பியது. மும்பை என்று சொன்ன தளம் தவறு என்று நிரூபித்தாயிற்று, அது ஒரு லாபம். ஆம்பூரா வாணியம்பாடியா என்பதற்கு வருவோம். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர் போல இருக்கும். தாமத வித்தியாசம் 0.16 மில்லிசெகண்ட். வீட்டு ஃபைபர் பெட்டி தன் முறை வரும்வரை காத்திருந்து அனுப்புவதிலேயே அதைவிட அதிகம் ஏறி இறங்கும். போதாததற்கு இழை காக்கை பறக்கும் வழியில் போவதில்லை. சாலையோரமும் ரயில் பாதையோரமுமாகச் சென்னைக்குப் போய்விட்டுத்தான் பல சமயம் பெங்களூருக்கே திரும்பும். மொபைல் இணைப்பு என்றால் கணக்கையே விட்டுவிடலாம். டவருக்கும் போனுக்கும் இடையில் மட்டுமே 20, 30 மில்லிசெகண்ட் போய்விடும். 30 என்றால் 3,000 கிலோமீட்டர், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை கிட்டத்தட்ட மொத்த இந்தியாவும் வட்டத்துக்குள். சிஜிநாட் முகவரி என்றால் உங்கள் பிங்குக்குப் பதில் சொல்வது அந்தப் பங்கீட்டுப் பெட்டியே தவிர ஆர்டர் போட்ட ஆளின் கருவி அல்ல. பல முகவரிகள் பதிலே சொல்லாது.

பதில் வராதபோது டிரேஸ்ரூட் கைகொடுக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து டிரேசர்ட் (tracert) கட்டளையோடு முகவரியை அடித்தால், வழியில் உள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாக வரும். சிலவற்றுக்குப் பெயர் இருக்கும், அதில் ஊர்க்குறி ஒளிந்திருக்கும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் மும்பை, பிஎல்ஆர் பெங்களூர், எஸ்ஐஎன் சிங்கப்பூர். விமான நிலையக் குறிகளையே ரவுட்டருக்கு வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். கடைசியாகப் பெயர் சொன்ன ரவுட்டர் எம்ஏஏ என்றால் இணைப்பு சென்னை வழியாக இறங்குகிறது என்று கொள்ளலாம், சென்னையிலேயே முடிகிறது என்று கொள்ளக் கூடாது. பெட்டியை இடம் மாற்றிவிட்டுப் பெயரை மாற்ற மறப்பதும் உண்டு. நடுவில் ஒரு ரவுட்டர் மட்டும் 80 மில்லிசெகண்ட் காட்டி அடுத்தது 12 என்று வந்தால் பதற வேண்டாம். மற்றவர்களின் தரவுப் பாக்கெட்டை அனுப்புவதுதான் அதன் முதல் வேலை, உங்களுக்குப் பதில் சொல்வது கடைசி வேலை.

விபிஎன் போட்டு, அதாவது வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி தன் முகவரியை மறைத்து வந்தவரைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. தெரிவது வெளியேறும் சர்வரின் இடம் மட்டும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இந்திய கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட ஆணை, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதன்பின் சில நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டு, சிங்கப்பூரில் வைத்துக்கொண்டே இந்தியா என்று காட்டும் முகவரிகளைத் தருகின்றன. தரவுத்தளம் இந்தியா என்கிறது, சிங்கப்பூரிலிருந்து பிங் 1 வருகிறது. எதை நம்புவது என்று மேலே சொன்ன கணக்கே சொல்லிவிடும். எனிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது பல இடங்களில் உள்ள சர்வர்கள் ஒன்றாகப் பயன்படுத்தும் முகவரிக்கு, ஊர் கேட்பதே பொருளற்றது. கூகுளின் 8.8.8.8 என்ற ஒரே எண் பல நாடுகளில் ஒரே நேரத்தில் இருக்கிறது.

ஆக, எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தால், முகவரி எந்த நிறுவனத்துடையது என்பது பெரும்பாலும் உறுதி. நாடு, விபிஎன் இல்லாத பட்சத்தில், ஏறக்குறைய உறுதி. மாநிலம் வீட்டு பிராட்பேண்டுக்கு நம்பலாம், மொபைலுக்கு அரை மனதோடு நம்பலாம். ஊர் என்பது ஊகம். தெரு என்று எந்தத் தளமாவது காட்டினால் அது பொய். நீங்கள் கூடுதலாகக் கேட்டிருந்தீர்கள், உணவு ஆர்டர் செய்யும் செயலிக்கு மட்டும் வாசல்வரை எப்படித் தெரிகிறது என்று. அது ஐபி இல்லை. ஜிபிஎஸ்ஸும் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் பட்டியலும் சேர்ந்து தருவது, அதற்கு நீங்கள் அனுமதி அளித்திருக்கிறீர்கள். உங்கள் தளத்துக்கு வருபவர் அனுமதி கொடுத்தால் ஒழிய உங்களுக்கு அது கிடைக்காது. பொய் ஆர்டர் போடுகிறவர் கொடுக்க மாட்டார்.

ஆளைச் சொல்லக்கூடிய பதிவு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் லாக். அதைப் போலீஸ் கேட்டால்தான் தருவார்கள், உங்களிடம் தரவும் கூடாது. ஆனால் போலீஸ் கேட்கும்போது விடை வர வேண்டுமானால் நீங்கள் கொடுக்கும் விவரம் முழுமையாக இருக்க வேண்டும். ஐபி மட்டும் போதாது. சிஜிநாட்டில் 60 பேரில் யார் என்று பிரிக்க, ஆர்டர் வந்த போர்ட் எண்ணும் வேண்டும். வலைத்தளங்களை இயக்கும் சர்வர் மென்பொருள்களான அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே இயல்பாக இதை லாக்கில் எழுதுவதில்லை. லாக் வடிவத்தில் வருபவரின் போர்ட்டையும் சேர்க்கும்படி உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே சொல்லுங்கள், ஒரு வரி வேலை. தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களைத் தன் சர்வர்களிலிருந்து வருபவருக்கு எடுத்துக் கொடுக்கும் இடைச்சேவை) இருந்தால் லாக்கில் விழும் முகவரி அந்த சிடிஎன்னுடையது. உண்மையான முகவரி கோரிக்கையோடு வரும் தனித் தலைப்பில் (ஹெடர்) வரும், அதையும் எழுதச் சொல்ல வேண்டும். அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம் என்பதால், சிடிஎன்னின் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே அதை ஏற்கும்படி அமைக்க வேண்டும்.

நேரத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். லாக்கில் 203.0.113.25, போர்ட் 41872, 16:10:07 என்று இருந்தால் (அந்த முகவரி உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது) அது நம் கடிகாரத்தில் இரவு 9:40:07. புகாரில் மாலை 4:10 என்று எழுதினால் இணைய நிறுவனம் அந்த நேரத்தில் அந்த போர்ட்டை வைத்திருந்த வேறொருவரின் பெயரைக் கொடுக்கும். அவர் உங்களைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். ஆகவே நொடிவரை எழுதுங்கள், எந்த நேரமண்டலம் என்று எழுதுங்கள், சர்வரின் கடிகாரம் இணையத்தோடு சரியாக ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். லாக் கோப்பை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள், திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) ஒட்டினால் மட்டும் போதாது. செர்ட்-இன் ஆணைப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் இருக்கும் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ திருப்பத்தூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். வழக்கு நீதிமன்றம் போனால் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் கோப்பை யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து எடுத்தார் என்று இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். இதற்கிடையில் ஆர்டர் உறுதியாக போனுக்கு ஓடிபி, பெரிய ஆர்டருக்கு நூறு ரூபாய் முன்பணம் என்று வைத்தால் பாதி தொல்லை போலீஸ் இல்லாமலே போய்விடும்.

நீங்கள் பகிர்ந்த பட்டியலில் ஒன்பது முகவரிகளில் இரண்டு 2409:40 என்று தொடங்கும் நீளமானவை. அவை ஜியோவின் ஐபிவி6, அதாவது புதிய வகை முகவரிகள். தேடிய மூன்று தளமும் அவற்றுக்கு வெறும் இந்தியா என்றதால் பயனில்லை என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே நல்ல தடயம் அவைதான். ஐபிவி6-ல் சிஜிநாட் பங்கீடு இல்லை. முன்பாதியில் உள்ள நான்கு கட்ட எண்கள் அந்த நேரத்தில் ஒரே ஒரு இணைப்புக்கு உரியவை, போர்ட் எண் விட்டுப்போயிருந்தாலும் பாதகமில்லை. பின்பாதி மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து வேறு ஆள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முகவரிகளிலும் முன்பாதி ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். புகாரில் முதலில் அந்த இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள், மற்ற ஏழும் அதற்குக் கீழே வரட்டும்.